இருக்கிற தண்ணீரைக் கரும்புக்கு எப்போது பாய்ச்சுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கம் கிணற்றை நம்பிக் கரும்பு வைத்திருக்கும் அண்ணாச்சிமார் கோடை வந்தால் கேட்பது ஒன்றுதான்: "மோட்டார் ஒரு மணி நேரம்கூட ஓட மாட்டேங்குது. இருக்கிற தண்ணிய வருசம் பூரா கொஞ்சங்கொஞ்சமா விட்டு ஒப்பேத்திரலாமா சார்?" கூடாது என்பதுதான் என் பதில்.

ஓராண்டுக் கரும்புக்கு மழையும் சேர்த்து 1,800 முதல் 2,200 மில்லிமீட்டர் வரை தண்ணீர் வேண்டும். 2,000 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 80 லட்சம் லிட்டர். ஆனால் எல்லா மாதமும் கரும்புக்கு ஒரே தாகம் இல்லை. கரணை, அதாவது விதைக் கரும்புத் துண்டு, ஊன்றி 35 நாள் வரை முளைப்பு, 100 நாள் வரை பக்கக் கிளைப்பு விட்டுத் தூர் கட்டுவது, 270 நாள் வரை வளர்ச்சி, பிறகு முதிர்ச்சி. இரண்டு மாதம் முடிந்ததிலிருந்து ஐந்தாம் மாதம் வரைதான் தண்ணீர் இல்லாவிட்டால் ஆபத்தான காலம். தை நடவுக்கு அது பங்குனி, சித்திரை, வைகாசியில் வந்து விழுகிறது. கருப்பாநதி, அடவிநயினார் அணைகளுக்குத் தென்மேற்குப் பருவமழை தண்ணீர் கொண்டுவருவதோ ஜூனில்தான். நம்ம பக்கத்துக் கரும்பின் சிக்கலே இந்த இடைவெளிதான்.

அந்த நேரத்தில் காய்ந்தால் என்ன ஆகும்? உச்சி வெயிலில் தோகை சுருளும், இலைத்துளை மூடிக்கொள்ளும், வளர்ச்சி நின்றுவிடும். வெடித்த தூரில் பாதி செத்துப்போகும். இளங்குருத்துப் புழுவும் இந்த வறட்சியில்தான் பெருகும். நடுக்குருத்து காய்ந்திருக்கும், இழுத்தால் கையோடு வரும், முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். தப்பிய கரும்பை அறுவடையின்போது நிறுத்திப் பாருங்கள். அடியில் கணுக்கள் நெருக்கி நெருக்கி இருக்கும், மழை கண்ட பிறகு வந்த கணுக்கள் மட்டும் நீண்டிருக்கும். முற்றிப்போன குட்டைக் கணுவை எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நீட்ட முடியாது. எடை போனது போனதுதான்.

முதிர்ச்சியில் கதை வேறு. வெட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தண்ணீரை நிறுத்தினால் சர்க்கரைச் சத்து கூடும். ஆலையின் வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் மட்டும் நிலத்தை அடியோடு காயவிடாதீர்கள். எடையும் குறையும், சாறும் கெடும்.

ஆகவே கிணறு தாங்குகிற அளவுக்கே நடுங்கள். நான்கு ஏக்கரைக் காயப்போடுவதைவிட இரண்டு ஏக்கரை நன்றாக வளர்ப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடும்முன் 400 லிட்டர் தண்ணீரில் 80 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து, கரணையை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வறட்சி தாங்கும். தண்ணீர் பற்றாவிட்டால் கரும்பு வரிசைகளுக்கு நடுவே ஓடும் சாலில் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சி, அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு யூரியா இரண்டரை கிலோ, பொட்டாஷ் இரண்டரை கிலோ கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை சாயங்காலம் தெளிக்கலாம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் முழு மானியம் உண்டு.

சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையைப் பற்றித்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். வெட்டு முடிந்ததும் தீ வைத்துவிடுகிறோம். ஏக்கருக்கு இரண்டு டன் சோகையைச் சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக்கு ஒன்றிரண்டு பாய்ச்சல் தண்ணீர் மிச்சமாகும். இந்த வெட்டுக்கு ஒரு வயலிலாவது எரிக்காமல் பரப்பிப் பாருங்கள். வணக்கம்.