கையை அடக்கக் கற்கும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைகளைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறவன் நான். மருத்துவப் பட்டம் வாங்கி, குழந்தை மருத்துவத்திலும் மேற்படிப்பை முடித்த பிறகுதான் இதற்கு வருகிறார்கள். பல நாடுகளில் இதற்கென்றே இன்னும் மூன்று ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன்.

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 90 மில்லிதான். அதிலிருந்து பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுத்தால், பெரியவர் ஒருவரிடம் 50 மில்லிக்கு மேல் எடுத்ததற்குச் சமம். ஊசி குத்தும் பக்குவம் சில மாதங்களில் கைவந்துவிடும். இந்தப் பரிசோதனை இன்றைக்கு அவசியம்தானா என்று ஒரு கணம் நின்று யோசிக்கும் பழக்கம் வருவதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

பிரசவ அறையிலும் அப்படித்தான். பத்தில் ஒரு குழந்தைக்கு முதல் மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி தேவைப்படும். துடைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தும் மூச்சு வரவில்லையென்றால், பிறந்த 60 விநாடிக்குள் முகமூடி வைத்துக் காற்றைச் செலுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. பதற்றத்தில், முகமூடியோடு இணைந்த காற்றுப் பையைப் பலமாக அழுத்திவிடுவார்கள். நெஞ்சு லேசாக எழும்பினால் போதும். அதற்கு மேல் போனால் அந்த நுரையீரல் தாங்காது. பொம்மையை வைத்து இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம்.

ஆக்சிஜன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். விழித்திரை பாதிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையை இழந்தார்கள். காரணம் புரிந்து ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது, மூச்சுக்குத் தவித்து இறந்த குழந்தைகளும் உண்டு. இன்று ஆக்சிஜன் கொடுக்கும்போது, குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு 90க்கும் 95 சதவீதத்துக்கும் இடையே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். நலமாகப் பிறந்த குழந்தைக்கே முதல் நிமிடத்தில் இந்த அளவு 60, 65 சதவீதம்தான் இருக்கும். ஏறுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். இது தெரியாதவர் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்சிஜன் குழாயைத் திறந்துவிடுவார்.

குறைமாத நுரையீரல் சுருங்கிப்போவது நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதாததால் என்று 1959இல் ஆய்வாளர்கள் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் அதையே மருந்தாகக் கொடுத்து வெற்றி கண்டார்கள். இப்போது, குழந்தை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாய் வழியே அதைச் செலுத்திவிட்டு, குழாயை உடனே எடுத்துவிடும் முறையைச் சொல்லித்தருகிறோம். முடிந்தவரை வென்டிலேட்டர் இல்லாமல் சமாளிக்கப் பார்க்கிறோம்.

தாயின் மார்பில் தோலோடு தோல் சேர்த்துக் குழந்தையைக் கிடத்தும் கங்காரு முறை, இன்குபேட்டர்கள் போதாத நிலையில் 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கியது. என் கணிப்பில், பயிற்சி மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கடினம். கருவிகளோடு இருக்கும் குழந்தையைத் தாயிடம் தர அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தைப் போக்குவது பெரும்பாலும் அனுபவமுள்ள செவிலியர்கள்தான். குழந்தையின் நிறம் மாறுவதையும் பால் குடிப்பதில் வரும் சோர்வையும் கருவி காட்டுமுன்பே கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளம் மருத்துவர்களே, விண்ணப்பம் போடுமுன் ஓர் இரவு முழுக்க அப்படியொரு செவிலியரின் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்தக் குழந்தையை அவர் தொடாமல் தூங்க விடுகிறார், ஏன் என்று கேளுங்கள்.

வணக்கம்.