உயிர் காலேஜுக்கு ஒரு காணும் பொங்கல்

நேயர்களுக்கு வணக்கம். குடும்பத்தோடு பூங்காவுக்குப் போன அனுபவத்தைப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். பூங்கா என்றால் பூ வாசனைதானே ஞாபகம் வரவேண்டும்? எனக்குப் புலி நாற்றம்தான் வந்தது. கூண்டு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மூக்கில் ஏறிவிடும்.

வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். எழுபதுகளில் காணும் பொங்கல் வந்தால் வீட்டோடு கிளம்பி 'உயிர் காலேஜ்' போவோம். சின்னவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். மியூசியம் 1851-இல் தொடங்கியதே ஒரு காலேஜ் கட்டடத்தில்தான். பிறகு அந்த மியூசியத்தோடு சேர்ந்து வளர்ந்தவைதான் மிருகங்களும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்கள் ஆயா, இரண்டு காலேஜும் பார்த்தவர்.

பஸ் கிடையாது, நடைதான். வால்டாக்ஸ் ரோடு முழுக்க நடப்போம். அந்தக் காலத்தில் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு வரி போட நினைத்ததால் வந்த பெயராம். நாங்கள் கட்டிய வரி கால்வலி. நைனா தோளில் தம்பி, அம்மா கையில் புளிசோற்றுத் தூக்கு. தூக்கு மூடி சரியாக உட்காராமல் நடைக்கு நடை 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே வரும்.

ஒரு வருஷம் கூட்டத்தில் தம்பியைத் தொலைத்துவிட்டோம். "புலிக் கூண்டுகிட்ட போய் பாருய்யா" என்று அம்மா அலற, நைனா ஓடினார். கடைசியில் அவன் கிடைத்தது பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில். பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த புத்தக அடுக்கின்மேல் உட்கார்ந்து பொறை தின்றுகொண்டிருந்தான். கடைக்காரர் நைனாவைப் பிடித்துக்கொண்டார்: "காணும் பொங்கல்னா புள்ளைய காணாம பண்றதாய்யா?"

நாங்கள் பார்த்ததே மிச்சம்தான். 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் முனைந்து உண்டாக்கிய பீப்பிள்ஸ் பார்க்கில்தான் உயிர் காலேஜ் இருந்தது. அந்தப் பார்க் 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த நிலத்தில் வந்தவைதான். ஆளுக்கு ஒரு வாய் தின்றது போல ஆயிற்று. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருஷம் வண்டலூர் பூங்காவைத் திறந்தார்கள். உயிர் காலேஜ் அங்கே போய்விட்டது.

போனது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சின்னக் கூண்டில் புலி சுவருக்கும் கம்பிக்குமாகத் திரும்பித் திரும்பி நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் வண்ணாரப்பேட்டையிலிருந்து வண்டலூருக்கு எந்த நைனா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்? எங்கள் நடைக்கு எட்டிய தோட்டம் அது ஒன்றுதான்.

போன காணும் பொங்கலுக்குப் பேத்தியோடு மெட்ரோ ஏறினேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து மூன்றாவது ஸ்டேஷனே சென்ட்ரல். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் இறங்கியாயிற்று. இடத்துக்குப் பெயர் பார்க் டவுன், எதிரே இருக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் பெயர் பார்க், பார்க்கைத்தான் காணோம். ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டு மை லேடீஸ் பூங்காவுக்குப் போனோம். பெரிய தோட்டத்தில் மீந்த துண்டு அது. நிழலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. டப்பாவைத் திறந்து புளிசோறு கொடுத்தேன். இப்போதெல்லாம் மூடி சத்தமே போடுவதில்லை.

"புலி எங்க ஆயா இருந்துச்சு?" என்றாள். உத்தேசமாக ஸ்டேடியத்து விளக்குக் கம்பங்கள் பக்கம் கை காட்டினேன். கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்று, அந்தப் பக்கமாக மூக்கை நீட்டி இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் நாறலையே ஆயா."