அரசருக்குக் கடன் கொடுத்த பார்டி குடும்பம்

வணக்கம் நேயர்களே. இத்தாலியின் வங்கிக் குடும்பம் என்றால் எல்லோரும் மெடிசியைத்தான் சொல்வார்கள். அவர்கள் தலையெடுப்பதற்கு நூறு ஆண்டு முன்பே, அதே ஃபுளோரன்ஸ் நகரத்தில், அரசர்களுக்கே கடன் கொடுத்த குடும்பம் ஒன்று இருந்தது. பார்டி குடும்பம். பல வருடங்களாக நான் தேடித் தேடிப் படிப்பது இவர்களைப் பற்றித்தான்.

லண்டன், பாரிஸ், புரூஜ், நேப்பிள்ஸ், செவில், சைப்ரஸ், கான்ஸ்டான்டிநோபிள் என்று 1300-களின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிளை இல்லாத பெரிய சந்தை குறைவு. கவிஞர் தாந்தே மனதில் வைத்துப் பூஜித்த பியாட்ரிஸ் வாழ்க்கைப்பட்டது ஒரு பார்டிக்கு. எழுத்தாளர் பொக்காச்சியோவின் அப்பா நேப்பிள்ஸில் வேலை பார்த்ததும் இவர்களிடம்தான். அது கிடக்கட்டும், நான் பேச வந்தது ஆட்டு ரோமத்தைப் பற்றி.

ஆமாம், ஆட்டு ரோமம். ஃபுளோரன்ஸின் பிழைப்பே கம்பளித் துணிதான். நல்ல துணிக்கு இங்கிலாந்து ஆட்டு ரோமம் வேண்டும். அதை மந்தை மந்தையாக வளர்த்தவர்கள் அங்கிருந்த மடத்துத் துறவிகள். பெகொலொட்டி என்று பார்டிகளின் ஊழியர் ஒருவர், 1317 முதல் சில ஆண்டுகள் லண்டனில் இருந்தவர், ஒரு வியாபாரக் கையேடு எழுதி வைத்தார். அதில் மடம் மடமாகப் பட்டியல் போட்டு, முதல் தரம் என்ன விலை, நடுத்தரம் என்ன விலை, கழிவு ரோமம் என்ன விலை என்று குறித்திருக்கிறார். மூட்டை என்றால் ஏறக்குறைய 165 கிலோ. வேல்ஸில் டின்டர்ன் மடத்து முதல் தரம் மூட்டை 28 மார்க். மார்க் என்பது அன்றைய இங்கிலாந்தின் பணக் கணக்கு. பட்டியலிலேயே உச்ச விலைகளில் அது ஒன்று. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, மனிதர் ரோமத்தை விரலால் நிமிண்டிப் பார்த்து எழுதியது போலவே எனக்குத் தோன்றும். சீனாவுக்குப் போகிறவர்களுக்கும் அதே கையேட்டில் யோசனை உண்டு: தாடியை மழிக்காமல் வளர விடுங்கள், நல்ல மொழிபெயர்ப்பாளராகப் பார்த்து அமர்த்துங்கள் என்கிறார்!

ரோமத்துக்கே வருகிறேன். நம் ஊரில் பூப்பூக்கும் முன்பே மாந்தோப்பைப் பேசி முன்பணம் கொடுப்பார்களே, அதுபோல மடங்களுக்குப் பல வருட ரோமத்துக்கு முன்கூட்டியே பணம் போனது. ஆனால் ரோமம் துறைமுகத்தைத் தாண்ட வேண்டுமானால் அரசர் அனுமதி வேண்டும். இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அனுமதி வேண்டுமானால் அரசருக்குக் கடன் கொடு. வட்டி பாவம் என்றது திருச்சபை. அதனால் வட்டி என்ற பேச்சே இல்லை, அரசர் 'அன்பளிப்பு' தருவார், சுங்கத்தில் சலுகை தருவார். பழைய கடன் திரும்ப வேண்டுமா, புதுக் கடன் கொடு. நிறுத்தினால் அனுமதியும் போச்சு, கொடுத்ததும் போச்சு. 1337-இல் பிரான்சோடு போர் தொடங்கியதும் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டு கேட்டதற்கு அளவே இல்லை.

இத்தனைக்கும் அது பார்டிகளின் சொந்தப் பணம் மட்டுமா? இல்லை. ஃபுளோரன்ஸ்காரர்களும் நேப்பிள்ஸின் பிரபுக்களும் பாதிரிமார்களும் நம்பிப் போட்டு வைத்த பணம்.

அரசர் ஏமாற்றினார், வங்கி விழுந்தது என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜொவான்னி வில்லானி என்ற ஃபுளோரன்ஸ் வரலாற்றாசிரியர், இங்கிலாந்து அரசர் பார்டிகளுக்கு வைத்த பாக்கி 9 லட்சம் ஃபுளோரின் என்கிறார். ஒரு ஃபுளோரினில் மூன்றரை கிராம் தங்கம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆங்கில அரசுக் கணக்குகளில் தெரியும் தொகை இதைவிட வெகுவாகக் குறைவு. அந்த வில்லானி, தானே கூட்டாளியாக இருந்த வேறொரு கம்பெனி திவாலாகிச் சிறைக்குப் போனவர். நொந்த மனம் சொன்ன கணக்கு அது. ஆனால் அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். 1342 வாக்கில் ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ் அரசருக்கு ஆகாத ஜெர்மன் பேரரசர் பக்கம் சாய்கிறது என்று பேச்சு கிளம்பியதும், நேப்பிள்ஸ்காரர்கள் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார்கள். எட்வர்டு மட்டும் காரணமில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். லூக்கா நகருக்காக நடந்த போரும் பணத்தைத் தின்றிருந்தது. 1343-இல் ஃபுளோரன்ஸின் இன்னொரு பெரிய வங்கியான பெருட்சி வங்கி விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஊர் மக்கள் திரண்டு போய் ஆர்னோ ஆற்றின் தென்கரையில் இருந்த பார்டி மாளிகைகளைக் கொளுத்தினார்கள். 1346-இல் பார்டி வங்கியும் விழுந்தது. போட்டவர்களுக்குப் பாதிகூடத் திரும்பவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் பார்டி சிற்றாலயம் இருக்கிறது, அங்கே ஓவியர் ஜொட்டோ வரைந்த புனித பிரான்சிஸ் ஓவியங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். உடுத்திய துணியையும் கழற்றி வியாபாரி அப்பாவிடம் திருப்பிக் கொடுத்த பிரான்சிஸை, ஒரு வங்கிக் குடும்பம் தன் ஆலயச் சுவரில் வரையச் சொன்னது. இதையே ஒரு மணி நேரம் பேசலாம்.

குடும்பம் அழிந்துவிடவில்லை. வெர்னியோ கோட்டைப் பிரபுக்களாக நீடித்தார்கள். கோசிமோ மெடிசி மணந்தது ஒரு பார்டிப் பெண்ணை, கொன்டெசினாவை. 1496-இல், கடல் கடந்து புதிய நிலம் தேடப் புறப்பட்ட ஜான் கபோட்டுக்குப் பணம் கொடுத்ததும் லண்டனில் இருந்த பார்டிகள்தான். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.