பாதை போடாத நாட்டில் ஆளோடு நடப்பது

அவையோருக்கு வணக்கம். இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். "காசு கொடுத்து, வழிகாட்ட ஆளை வைத்துக்கொண்டு நடப்பதெல்லாம் ஒரு டிரெக்கிங்கா?" என்று கேட்டார். கொஞ்சம் நக்கல் இருந்தாலும் நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசப்போவது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் வடபகுதியைப் பற்றி. அங்கே ப்ரூக்ஸ் மலைத்தொடர் கிழக்கு மேற்காகச் சுமார் 1,100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் நடுப்பகுதியில் 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' தேசியப் பூங்கா. பூங்காவும் அதை ஒட்டிய காப்பகமும் சேர்ந்து ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளத்தைவிடக் கொஞ்சம் சிறியது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு சாலை கிடையாது. ஒரு நடைபாதை, ஒரு கைகாட்டிப் பலகை, ஒரு தங்கும் குடில்கூடக் கிடையாது. பணம் இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். போடக் கூடாது என்று முடிவெடுத்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்த முடிவுக்குப் பின்னால் பாப் மார்ஷல் என்ற வனத்துறைக்காரர் இருக்கிறார். நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், நடைப் பைத்தியம். 1929-இல் வைஸ்மன் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்புக்கு வந்து அங்கிருந்து வடக்கே நடந்தார். கோயுகுக் ஆற்றின் வடகிளையில் இருபுறமும் இரண்டு மலைகள் காவலுக்கு நிற்பதைப் பார்த்து, இதுதான் ஆர்க்டிக்கின் வாசல் என்று பெயர் வைத்தார். பூங்காவின் பெயரே அதுதான். 1935-இல் வனாந்தரங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 38 வயதில், ஓடும் ரயிலில் இறந்துபோனார். 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் இந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1980 டிசம்பரில் சட்டம் வந்து அது தேசியப் பூங்கா ஆனது.

மார்ஷல் மனிதக் கால் படாத இடம் என்ற நினைப்பில் பரவசப்பட்டவர். எனக்கு அதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. காரிபூ மான்களை வேட்டையாடி நுனாமியுட் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து திரிந்த நிலம் அது. அனாக்டுவுக் பாஸ் என்ற அவர்களுடைய ஊர் இன்றும் பூங்காவின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூர் மக்கள் தங்கள் பிழைப்புக்காக வேட்டையாடலாம் என்று 1980 சட்டமே சொல்கிறது. ஆகவே நாம் அங்கே போகும்போது காலி நிலத்துக்குப் போகவில்லை, இன்னொருவர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைகிறோம்.

சரி, நடைக்கு வருவோம். ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து பெட்டில்ஸ் என்ற சின்ன ஊருக்குக் குட்டி விமானம். கோடையில் அந்த ஊருக்குச் சாலை கிடையாது. அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம். ஏறுவதற்கு முன் மூட்டையை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை விமானி உள்ளே ஏற்ற மாட்டார். உள்ளே கசிந்தால் அவருக்குக் கண் தெரியாது அல்லவா? அது வெளியே மிதவைக்குள் போகும். ஒரு ஏரியில் நம்மை இறக்கிவிட்டு விமானம் போய்விடும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு கைபேசியை எடுத்துப் பார்ப்பதில் பயன் இல்லை, சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வழிகாட்டியிடம் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒன்று, வரிசையாக நடக்கக் கூடாது. எங்கள் வழிகாட்டி, முப்பதுகளில் இருந்த ஒரு பெண், எங்களை விலகி விலகிப் பரந்து நடக்கச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக நடந்தால் தடம் விழுந்துவிடும். துந்திரா எனப்படும் இந்த மரமில்லாத குளிர்நிலத்தின் செடிகள் வருடத்துக்குக் கொஞ்சமே வளர்பவை, மிதிபட்ட வடு ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பின்னால் வரும் குழுவும் அதே தடத்தில் நடக்க, ஒற்றையடிப் பாதை உருவாகிவிடும். அப்படி ஒன்று உருவாகாமல் பார்த்துக்கொள்வதும் வழிகாட்டியின் வேலை என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இன்னொன்று, டஸ்ஸக். பஞ்சுப்புல் குத்துக் குத்தாக வளர்ந்து, முழங்கால் உயரத்துக்குக் கட்டி கட்டியாக நிற்கும். மேலே கால் வைத்தால் தலையாட்டி பொம்மை போலச் சாயும். இடுக்கில் வைத்தால் கணுக்கால் வரை சேறு. அடியில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் மேலே உள்ள தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. அதனால் மேட்டில்கூடச் சதுப்பு. இருபது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்துகொண்டு இதில் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் போனால் நல்ல நடை என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். நம் ஊரில் காலையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். இவ்வளவேதான். அதற்கே சாயங்காலம் காலைத் தூக்க முடியாது.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் வடக்கே வழிகாட்டியின் தொழில் என்பதே முக்கால்வாசி ஆறுதான். கரடி எல்லாம் அப்புறம். பாலம் கிடையாது, படகு கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும். மலையில் மழை பெய்தால் உறைந்த நிலம் உறிஞ்சிக்கொள்ளாது. அவ்வளவும் நேராக ஆற்றுக்கு வந்துவிடும். மாலையில் முழங்காலளவு ஓடிய ஆறு விடிவதற்குள் இடுப்பளவு ஆகிவிடும். அதே காரணத்தால், மழை விட்டால் மளமளவென்று வடிந்தும்விடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துவைத்திருப்பவர்தான் அங்கே வழிகாட்டி.

அலட்னா ஆற்றில் சேரும் ஒரு கிளையாற்றின் கரைக்கு நாங்கள் வந்தபோது மழை ஓய்ந்து தூறல். தண்ணீர் கலங்கலாக, பார்வைக்கு அப்படி ஒன்றும் அகலமில்லாமல் ஓடியது. எங்களில் இருவர் பூட்ஸ் நாடாவை இறுக்கத் தொடங்கிவிட்டார்கள். வழிகாட்டி மூட்டையை இறக்கிவிட்டுக் கரையில் குந்தி உட்கார்ந்தார். எங்களையும் பேசாமல் இருக்கச் சொன்னார். அப்போதுதான் கேட்டது, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். ஆற்றின் அடியில் பாறாங்கற்கள் உருண்டுகொண்டிருந்தன. கல்லையே உருட்டும் தண்ணீர் ஆளை நிற்க விடாது. அவர் ஒரு குச்சியைத் தண்ணீரின் விளிம்பில் நட்டுவிட்டு, கூடாரம் அடிக்கச் சொல்லிவிட்டார். மணி மதியம் இரண்டுகூட ஆகவில்லை. ஒருவருக்குக் கோபம், விடுமுறை வீணாகிறதே என்று. வழிகாட்டி அதற்குப் பதில் சொல்லவில்லை. மணிக்கு ஒருதரம் போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடியலில் தண்ணீர் குச்சியை விட்டு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. அப்போதும் வந்த இடத்திலேயே கடக்கவில்லை. மேலே அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், ஆறு நாலைந்து கிளையாகப் பிரிந்து சரளைமேட்டில் பரந்து ஓடும் இடத்தைக் காட்டினார். ஆறு குறுகினால் ஆழம், விரிந்தால் ஆழமில்லை. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடச் சொன்னார், விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு எழுந்திருக்க வேண்டுமே. பூட்ஸைக் கழற்றக் கூடாது. முகம் நீர் வரும் திசையில். ஊன்றுகோலை முன்னால் குத்தி, ஒரு காலை ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். பலசாலி மேல்பக்கம், மற்றவர்கள் அவர் முதுகு மறைவில் ஒட்டிக்கொண்டு நகர வேண்டும். இரண்டாவது கிளையைத் தாண்டும்போது முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு குளிர். அக்கரை ஏறியதும் அவர் யாரையும் உட்கார விடாமல் கால் மணி நேரம் நடக்க வைத்தார்.

என் நண்பருக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அந்த மதியம் நாங்கள் மட்டும் இருந்திருந்தால் இறங்கியிருப்போம். உடம்பில் தெம்பு இருந்தது, ஆறு பார்க்கச் சின்னது, விமானம் வரும் நாள் குறித்தாகிவிட்டது. இறங்கியிருப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. சும்மா உட்கார்வதற்குத்தான் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்த காசு அந்த ஒரு பிற்பகலுக்கே சரியாகப் போய்விட்டது என்பது என் கணக்கு.

கரடி பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிஸ்லி கரடிகள் உண்டு. சாப்பாட்டுப் பொருள் எல்லாம் கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் இருக்க வேண்டும். சமையல் ஓரிடம், டப்பா வைப்பது ஓரிடம், தூங்குவது ஓரிடம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏறக்குறைய நூறு மீட்டராவது இருக்கும். பற்பசையும் டப்பாவுக்குள்தான். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல் பாக்கெட்டை வழிகாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு பை போட்டுக் கட்டினார். புதர் மண்டிய இடத்தில் கைதட்டிக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு போக வேண்டும். கரடிக்கு நம்மைத் திடீரென்று பார்ப்பதுதான் பிடிக்காது. தமிழ்க் குழுவுக்கு இதில் பயிற்சியே தேவையில்லை.

கரடியைவிடக் கொசு மோசம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க, தலைக்கு வலை போடாமல் வாயைத் திறக்க முடியாது. ஜூனில் சூரியனும் மறையாது, தூக்கம் கெடும். ஆகஸ்ட் பாதிக்கு மேல் கொசு ஓய்ந்து, துந்திரா சிவப்பும் மஞ்சளுமாக மாறும். ஆனால் அப்போது பனி பெய்தாலும் பெய்யும். எந்த மாதம் போனாலும் மேகம் இறங்கினால் விமானம் வராது. ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அதற்கான உபரிச் சாப்பாட்டை முதல் நாளிலிருந்தே முதுகில் சுமக்கத்தான் வேண்டும்.

இடமும் மாறிக்கொண்டிருக்கிறது. மேற்கு ஆர்க்டிக் காரிபூ மந்தையில் 2003-இல் ஏறக்குறைய 4.9 லட்சம் மான்கள் இருந்தன. 2023 கணக்கெடுப்பில் சுமார் 1.5 லட்சம். மந்தைக்கு முன்னால் வரும் மான்களைக் கலைக்காமல் கடந்துபோக விட வேண்டும், அவை திரும்பினால் மொத்தக் கூட்டமும் வழி மாறிவிடும் என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களின் பழைய வழக்கம். நல்ல வழிகாட்டிகள் அதைக் குழுவுக்கும் சொல்லி உட்கார வைப்பார்கள். அப்புறம், ஆறுகளின் நிறம். உறைநிலம் இளகி, அதில் அடைபட்டிருந்த இரும்பும் அமிலமும் கரைந்து, ப்ரூக்ஸ் மலையில் 75-க்கும் குறையாத ஓடைகளும் ஆறுகளும் ஆரஞ்சு நிறமாகிவிட்டன என்று 2024-இல் ஒரு ஆய்வு வந்தது. முகாம் போட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையே புதிதாகப் பார்த்துத் திட்டம் போட வேண்டியிருக்கிறது. ஆம்ப்ளர் என்ற பகுதியின் தாமிரத்துக்காகச் சுமார் 340 கிலோமீட்டர் சாலை போடும் திட்டமும் இருக்கிறது. காப்பகத்தின் தெற்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் அதை 2024-இல் ஒரு அரசு மறுத்தது, 2025-இல் அடுத்த அரசு அனுமதித்தது.

இதற்கு மேலும் போக ஆசை இருப்பவர்களுக்கு: மாடிப்படியில் பதினைந்து கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகுங்கள். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாது. வழிகாட்டி நிறுவனத்தைப் பிடிக்கும்போது பூங்காவின் வணிக அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். உபரிச் சாப்பாடு எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். கடைசியாக, ஆறு பெருகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "கவலைப்படாதீர்கள், எப்படியும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.