கடல் ஏறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். மும்பை செம்பூரில் 14 வருடமாக இருக்கிறேன். கணக்கு எழுதுவது என் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஆறாவது ஸ்டேஷனான சிவ்ரியில் இறங்கினால் எனக்கு வேறு உலகம். சேற்றுக் கடலோரத்தில் நின்று பூநாரை பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு.

பிறந்தது வேதாரண்யத்தில். பக்கத்திலேயே கோடியக்கரை. அங்கேயும் பூநாரை வரும். ஒருநாள்கூட நான் போய்ப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மும்பை வந்த பிறகுதான், ஒரு நண்பரோடு போய், தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிய, அது பறவைக் கூட்டம் என்று அறிந்து அப்படியே நின்றுவிட்டேன்.

இவை பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து வருகின்றன. நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரை இருக்கும். பெரிய பூநாரை, சிறிய பூநாரை என்று இரண்டு வகை. இங்கே அதிகம் சிறியதுதான், அதன் அலகு கருஞ்சிவப்பு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நீலப்பச்சைப் பாசியை வடிகட்டித் தின்னும். அந்தப் பாசியில் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். தின்னத் தின்னத்தான் அந்தச் சிவப்பு. இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

சரி, எப்போது போவது? இங்கேதான் விஷயம். நமக்கு லீவு என்பதற்காகக் கடல் காத்திருக்காது. இங்குள்ள கோலி சமூக மீனவர்கள் கடல்நீர் ஏறும் ஏற்றத்தை பர்தி என்பார்கள், இறங்கும் வற்றத்தை ஓஹோட்டி என்பார்கள். வற்றத்தில் சேறு வெகுதூரம் விரிந்து கிடக்கும், பறவைகளும் அவ்வளவு தூரத்தில் நிற்கும். முழு ஏற்றத்தில் சேறே மூழ்கிவிடும், அவை பறந்துவிடும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் இடைநேரத்தில்தான் அலை அவற்றைத் தள்ளித் தள்ளி நம் கரைக்குக் கொண்டுவரும். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, இந்த ஞாயிறு காலையில் ஏற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரம் வற்றம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் காலையில் எனக்கு வாய்க்கும். தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒருவார இடைவெளி எனக்குப் பிடித்திருக்கிறது. மாதக்கடைசியில் அலுவலகத்தில் எல்லாமே இன்றைக்கே வேண்டும் என்பார்கள். இங்கே எதையும் அவசரப்படுத்த முடியாது. நிற்க வேண்டும், தண்ணீர் வரும்வரை நிற்க வேண்டும். வந்ததும், பறவைகள் தலை கவிழ்த்து மேயும் சளசளப்பு காதில் விழும் தூரத்துக்கு வந்துவிடும். அதற்காக இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கலாம்.

படகில் போக விரும்புகிறவர்களுக்கு ஐரோலியில் வனத்துறையின் படகு இருக்கிறது. ஐரோலியை ஒட்டிய தாணே கழிமுகம் 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

அப்புறம், ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஏற்ற நேரம், உத்தேச எண்ணிக்கை, சாம்பல் குஞ்சுகள் எத்தனை. ஜூனில் மழை இறங்குவதற்குள் அவை கிளம்பிவிடும். போன ஜூனில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, அடுத்த பக்கத்தின் மேலே நவம்பர் என்று எழுதி மூடி வைத்தேன்.