வால்ரஸுக்குள் ஆடிய மனிதர்: கேப் கேலோவேயின் திரை வாழ்க்கை

[திரையில்: கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். இருண்ட குகை. நீண்ட தந்தங்களுடன் ஒரு பேய் வால்ரஸ் பாடிக்கொண்டே ஆடுகிறது.]

குரல்: முதலில் இந்த வால்ரஸைப் பாருங்கள். 1932-ல் வரைந்தது. தந்தங்களையும் மீசையையும் சற்று மறந்துவிட்டு, அது ஆடும் விதத்தை மட்டும் கவனியுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. தோள் ஒரு கணம் பொறுத்துத்தான் பின்னால் வருகிறது. கைகள் மிதக்கின்றன. எடையே இல்லாதது போல உடல் தரையில் வழுக்கிப் போகிறது. மேசையில் உட்கார்ந்து யோசித்து வரைந்தால் இந்த நடை வராது. இது ஒரு மனிதருடைய நடை. அவர் பெயர் கேப் கேலோவே. அப்போது அவருக்கு 24 வயது. நியூயார்க்கின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழு ஒன்றுக்குத் தலைவர்.

[திரையில்: ஹார்லெம் தெரு, இரவு. காட்டன் கிளப்பின் பெயர்ப்பலகை.]

குரல்: அவருடைய குழு ஒரு 'பிக் பேண்ட்', அதாவது பதினைந்து பேர் அளவிலான ஜாஸ் குழு. ஒரு வரிசை டிரம்பெட், ஒரு வரிசை டிராம்போன், ஒரு வரிசை சாக்ஸபோன், பின்னால் பியானோ, பாஸ், கிதார், டிரம்ஸ். கேலோவே அதன் முன்னால் நின்று பாடுவார், ஆடுவார், குதிப்பார், முடியைக் கலைத்துக்கொள்வார். 1907-ல் ராசெஸ்டரில் பிறந்து பால்டிமோரில் வளர்ந்தவர். அப்பா வழக்கறிஞர், மகனும் சட்டம் படிக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அக்கா பிளாஞ்ச் மேடையேறினார், தம்பியும் பின்னாலேயே போய்விட்டார். பிளாஞ்ச் தானும் ஓர் ஆண்கள் குழுவுக்குத் தலைமை ஏற்று நடத்தியவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு வீடியோ செய்ய வேண்டும்.

அவர் பாடிய காட்டன் கிளப் என்ற இரவு விடுதி நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்தது. ஹார்லெம் கறுப்பின மக்களின் பகுதி. மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். மேசைகளில் உட்கார வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கே வாசித்துவந்த ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் பயணம் போனபோது அவர் இடத்துக்கு வந்த கேலோவே, 1931-க்குள் அங்கே நிலைத்துவிட்டார். அந்த மேடையிலிருந்து வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. நாடு முழுவதும் மக்கள் அவர் குரலைத் தெரிந்துகொண்டார்கள். கிளப்புக்குள் நுழைய முடியாதவர்களும்தான். அந்த ஆண்டு அவர் பதிவு செய்த 'மின்னி தி மூச்சர்' பாட்டில் அவர் "ஹை-டி-ஹை-டி-ஹோ" என்பார், குழு அதைத் திருப்பிச் சொல்லும். ஒருநாள் ஒலிபரப்பின் நடுவே பாட்டின் வரி மறந்துபோனது, வாயில் வந்த ஓசையால் இடத்தை நிரப்பினேன், அதுவே நிலைத்துவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

குரல் பரவிவிட்டது. ஆனால் கேலோவேயைக் கேட்டால் போதாது, பார்க்க வேண்டும். அங்கேதான் படம் வருகிறது.

[திரையில்: மேலிருந்து ஒரு வரைமேசை. நடுவே பால் நிறக் கண்ணாடி. அடியிலிருந்து ஒளி.]

குரல்: நியூயார்க்கில் ஃபிளைஷர் சகோதரர்கள் கார்ட்டூன் நிறுவனம் நடத்தினார்கள். அந்த வால்ரஸ் அவர்களுடையதுதான். பெட்டி பூப் அவர்களுடைய கார்ட்டூன் நாயகி. மாக்ஸ் ஃபிளைஷரிடம் ரோட்டோஸ்கோப் என்ற கருவிக்கான காப்புரிமை இருந்தது. முதலில் ஒரு மனிதரை ஆடவிட்டுச் சாதாரணமாகப் படம்பிடிப்பார்கள். பிறகு அந்தச் சுருளை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, கண்ணாடியின் அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுவார்கள். மேலே தாளை வைத்து ஓவியர் உருவத்தின் மேலேயே கோடு இழுப்பார். அடுத்த சட்டம், அடுத்த தாள். பேசும் படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். கேலோவே ஒரு முறை இடுப்பை அசைத்து முடிப்பதற்குள் மேசையில் எத்தனை தாள்கள் குவிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உருவம் வால்ரஸாக மாறலாம், அசைவு மாறாது.

அந்த வால்ரஸ் கார்ட்டூன் தொடங்கும்போது கேலோவேயே சில நொடிகள் தெரிவார். வரைந்த படம் அல்ல, நேரில் எடுத்த படம். குழுவின் முன்னால் மெல்ல அசைந்து, வழுக்கி நகர்கிறார். இன்று கிடைப்பவற்றில் அவரைக் காட்டும் மிகப் பழைய படச்சுருள் அதுதான். ஐம்பது ஆண்டுகள் கழித்து உலகமே வியந்த மைக்கேல் ஜாக்சனின் 'மூன்வாக்' நடைக்கு மிக நெருங்கிய உறவு அது. நாங்கள் அதை அப்போது 'பஸ்' என்று அழைத்தோம், வண்டு ரீங்காரம் போல, என்பார் கேலோவே.

[திரையில்: பனிக்குகை. கோக்கோ கோமாளி வெள்ளைப் பேயாக மாறுகிறான்.]

குரல்: அடுத்த ஆண்டு, 1933-ல், 'ஸ்னோ ஒயிட்'. டிஸ்னியின் படம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தையது. ஏழு நிமிடம் ஓடும் இந்தப் படம் என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த திரைத் தோற்றம். ஆனால் அவர் முகம் ஒரு நொடிகூட வராது. கோமாளி கோக்கோ கேலோவேயின் குரலில் 'செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி' என்ற சாவுப்பாட்டைப் பாடிக்கொண்டு போகிறான். சூனியக்காரியின் கண்ணாடி அவன் மேல் இறங்கி எழுகிறது. அவன் நீண்ட கால்களுடைய பேயாகிவிடுகிறான். பாட்டில் பைக்கடிகாரச் சங்கிலியில் தொங்கும் தங்க நாணயத்தைப் பற்றி ஒரு வரி வரும்போது, பேயின் உடலே சங்கிலியாக நீண்டு, முனையில் நாணயமாகத் தொங்குகிறது. அடுத்த அடிக்குள் பழைய உருவம், அதே நடை. இந்த அனிமேஷன் முழுவதையும் ஏறத்தாழத் தனியாளாக வரைந்தவர் ரோலண்ட் கிராண்டல். அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு 1994-ல் இதைப் பாதுகாக்க வேண்டிய படங்களில் சேர்த்தது.

[திரையில்: திரையரங்க இயக்க அறை. ஒருவர் கத்தரிக்கோலால் படச்சுருளை வெட்டுகிறார்.]

குரல்: சரி, கார்ட்டூன் இல்லாத படங்களில்? 1932-ல் 'தி பிக் பிராட்காஸ்ட்', 1933-ல் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்', 1936-ல் ஆல் ஜோல்சனுடன் 'தி சிங்கிங் கிட்'. எல்லாவற்றிலும் அவர் கேப் கேலோவேயாகவே வருவார், பாடுவார், போய்விடுவார். கதைக்கும் அவருக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. திறமைக் குறைவு அதற்குக் காரணம் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் கலைஞர்கள் வரும் காட்சிகளை வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டும் வழக்கம் இருந்தது. வெட்டினாலும் கதை அறுந்துபோகக் கூடாது என்பதால், ஸ்டூடியோக்கள் அவர்களுடைய பாட்டைத் தனித் துண்டாகவே எடுத்தன. நாற்பதுகளில் பாடகி லீனா ஹோர்னுக்கும் இதே கதிதான். கத்தரிக்கோலுக்கு வசதியாக ஒரு கலைஞனின் வாழ்க்கையை அளந்து கொடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

குறும்படங்களில் நிலைமை சற்று மேல். 1934-ல் பாரமவுண்ட் வெளியிட்ட பத்து நிமிடப் படமொன்றில், ரயிலின் படுக்கைப் பெட்டியிலேயே குழு ஒத்திகை பார்க்கிறது. கேலோவே நடுவில் நின்று நடத்துகிறார். இயக்கியவர் ஃபிரெட் வாலர். பிற்காலத்தில் சினிராமா அகலத்திரையைக் கண்டுபிடித்தவர்.

நாற்பதுகளில் 'சவுண்டீஸ்' வந்தது. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் அலமாரி உயரத்தில் ஒரு பெட்டி. பத்து சென்ட் நாணயம் போட்டால் சிறு திரையில் மூன்று நிமிடப் பாட்டு ஓடும். வேண்டிய பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. சுருளில் அடுத்து எது இருக்கிறதோ அதுதான். கேலோவேயின் பாடல்களும் அப்படி ஓடின.

[திரையில்: வெள்ளைப் படிக்கட்டு. இரு சகோதரர்கள் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதிக்கிறார்கள்.]

குரல்: 1943-ல் 'ஸ்டார்மி வெதர்'. நடிகர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள் என்பதால் இதில் அவரை மட்டும் வெட்டி எடுக்க வழியில்லை. ஒரு பாட்டில் 'ஸூட் சூட்' என்ற பெரிய உடை அணிந்து வருகிறார்: தோளில் அகன்று தொடைவரை இறங்கும் கோட்டு, கணுக்காலில் இறுகும் காற்சட்டை, தொங்கும் நீளச் சங்கிலி. கடைசியில் 'ஜம்பின் ஜைவ்' பாட்டு. கேலோவே மேசையருகே வந்து பாடப் பாட, உட்கார்ந்திருந்த ஃபேயார்ட், ஹரால்ட் நிக்கோலஸ் சகோதரர்கள் எழுந்துவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கு நடுவே தாவுகிறார்கள். பிறகு படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் பாய்ந்து, இரு கால்களையும் நேராக விரித்துத் தரையில் விழுந்து, கை ஊன்றாமல் எழுகிறார்கள். படிக்குப் படி. ஒரே டேக்கில் எடுத்தது. கேலோவே அப்போது ஒதுங்கி நிற்கிறார். மேடையை எப்போது அடுத்தவருக்கு விட வேண்டும் என்பது குழுத் தலைவருக்குத் தெரியும்.

போருக்குப் பின் பெரிய குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. நாற்பதுகளின் முடிவில் அவரும் குழுவைக் கலைத்தார். மேடையில் 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகத்தில் ஸ்போர்ட்டின் லைஃப் என்ற பாத்திரம் ஆனார். 1965-ல் ஸ்டீவ் மக்வீன் நடித்த 'தி சின்சினாட்டி கிட்' படத்தில் சீட்டாடுபவராக, பாட்டே இல்லாமல் நடித்தார்.

[திரையில்: கூட்டம் நிறைந்த அரங்கு. திரைச்சீலை விலகுகிறது.]

குரல்: பிறகு 1980, 'தி புளூஸ் பிரதர்ஸ்'. இங்கே அவருக்குப் பெயர் கர்டிஸ். கதையில் இடம் இருக்கிறது. நாயகர்கள் வந்து சேரத் தாமதமாகிறது, கூட்டம் பொறுமை இழக்கிறது, கர்டிஸ் மேடையேறுகிறார். ஒரே நொடியில் மேடை முப்பதுகளின் கிளப்பாகிறது, அவர் வெள்ளை நீள்கோட்டில் நிற்கிறார். பாடுவது 'மின்னி தி மூச்சர்'. அந்தப் பாட்டை டிஸ்கோ பாணியில் பாடவே கேலோவே விரும்பினார். பழைய வடிவம்தான் வேண்டும் என்று இயக்குநர் ஜான் லேண்டிஸ் உறுதியாக இருந்தார். நல்லவேளை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் "ஹை-டி-ஹோ" என்கிறார், அவரை ஒருபோதும் பார்த்திராத ஒரு தலைமுறை திருப்பிச் சொல்கிறது.

எண்பதுகளில் 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பொம்மைகளோடு பாடினார். மழலைகளும் கற்றுக்கொண்டார்கள்.

[திரையில்: நகரத் தெரு போன்ற அரங்கம். நடனக்கூட்டம்.]

குரல்: 1990-ல் ஜேனட் ஜாக்சனின் 'ஆல்ரைட்' இசைக் காணொளி. கேலோவேக்கு 82 வயது. அதே காணொளியில் நிக்கோலஸ் சகோதரர்களும் இருக்கிறார்கள், படிக்கட்டுக்கு 47 ஆண்டுகள் கழித்து. ஜேனட் என்ன அணிந்திருக்கிறார், பாருங்கள். அகன்ற தோள், நீளக் கோட்டு, தொங்கும் சங்கிலி.