நாலு பேர், ஒரு திரை

நண்பர்களே, வணக்கம்.

கம்ப்யூட்டர் கேம் என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு, திரையே கதி என்று தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. இந்தத் தனிமை வேண்டாம் என்று 1978-லேயே வேலையைத் தொடங்கியவர், கேம் வடிவமைப்பாளர் டானியெல் பண்டென் பெரி. 1998 ஜூலை 3-ஆம் தேதி, நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 49.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரத்துக்கு வந்தவர். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். குடும்பம் மொத்தமும் சேர்ந்து நல்லபடியாக இருந்தது விளையாட்டு ஆடும்போதுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் செய்த அத்தனை கேமுக்கும் வேர் அந்த வீட்டுத் தரையில்தான் இருக்கிறது என்பேன்.

முதல் கேம், ஆப்பிள் 2 கணினிக்கான 'வீலர் டீலர்ஸ்'. நாலு பேர் ஏலம் கேட்கும் ஆட்டம். இருப்பது ஒரே கீபோர்டு, நாலு பேர் எப்படிக் கேட்பது? அதற்கென்றே பொத்தான் வைத்த ஒரு கருவி செய்து கேமோடு சேர்த்து விற்றார்கள். விலை 35 டாலர். மற்ற கேம்கள் பிளாஸ்டிக் பையில் 15 டாலருக்குக் கிடைத்த காலம் அது. விற்றது ஐம்பது பிரதிதான். வேறொருவராக இருந்தால் அன்றோடு விட்டிருப்பார்.

அப்புறம் 1983. அடாரி 800 கணினியில் ஜாய்ஸ்டிக், அதாவது கேம் ஆடும் கைப்பிடி, செருக நாலு துளைகள் இருந்தன. இவருக்கு வேறென்ன வேண்டும்! தம்பி பில், நண்பர்கள் ஜிம் ரஷிங், ஆலன் வாட்சன் ஆகியோரோடு ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் என்ற பெயரில் உழைத்துக் கொண்டுவந்ததுதான் 'மியூல்'. வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம்.

கேமின் கதை நடப்பது இராட்டா என்ற ஒரு கிரகத்தில். அடாரியைத் திருப்பிப் போட்ட பெயர்தான். அங்கே நாலு பேர் குடியேறுகிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை; அது மாதிரி ஓர் இயந்திரத்தை வாங்கி, ஓட்டிக்கொண்டு போய், தன் நிலத்தில் நிறுத்த வேண்டும். உணவா, மின்சாரமா, தாதுவா, எதை விளைவிப்பது என்பது அவரவர் இஷ்டம்.

அதில் வரும் ஏலத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். விற்பவர் திரையின் மேலே நிற்பார், வாங்குபவர் கீழே. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளத் தள்ள வாங்குபவர் மேலே ஏறுவார், விலையும் ஏறும். விற்பவர் இறங்கினால் விலையும் இறங்கும். இருவரும் சந்திக்கும் இடம்தான் அன்றைய விலை. பக்கத்திலேயே நேரம் கரைந்துகொண்டிருக்கும். உங்களிடம் உணவு இல்லை, என்னிடம் மிச்சம் இருக்கிறது. நான் இறங்குவேனா? நீங்கள் திரையைப் பார்க்க மாட்டீர்கள், பக்கத்தில் இருக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். சந்தையில் பேரம் பேசுகிறோமே, அதை அப்படியே ஜாய்ஸ்டிக்கில் கொண்டுவந்துவிட்டார்.

இன்னொன்று. கடைசி இடத்தில் இருப்பவருக்கு இந்தக் கேமில் கெட்ட நேரம் வராது. திடீர் நஷ்டமெல்லாம் முன்னால் இருப்பவர்களுக்குத்தான். ஆறு பிள்ளைகளில் மூத்தவருக்குத் தெரியாதா, தோற்றுக்கொண்டிருக்கும் தம்பி பாதியில் எழுந்து போனால் ஆட்டமே போய்விடும் என்று!

மியூல் சுமார் 30,000 பிரதிகள் விற்றது. அடுத்த ஆண்டு வந்த 'செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட்', ஒருவர் தனியாக ஆடுவது, ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. வியாபாரம் எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் 1988-ல் 'மோடம் வார்ஸ்' செய்தார். இரண்டு வீட்டில் இருப்பவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாக மோதும் கேம். கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் அன்று எத்தனை வீட்டில் இருந்தது, சொல்லுங்கள்.

பழைய கேம் பெட்டிகளில் டான் பண்டென் என்றே இருக்கும். அவர் திருநங்கை. 1992-க்குப் பிறகு டானியெல் என்ற பெயரில் வாழ்ந்தார், அந்தப் பெயரிலேயே நாமும் அவரை நினைக்கிறோம்.

மியூலை செகா ஜெனிசிஸ் என்ற டிவி கேம் கருவிக்குப் புதுப்பிக்கும் பேச்சு வந்தபோது, துப்பாக்கியும் குண்டும் சேர்க்கச் சொன்னார்கள். முடியாது என்றார். அந்தப் பதிப்பு வரவே இல்லை. சாகும் தறுவாயில் எவரும் கணினியோடு தனியாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே என்று ஏங்கியதில்லை என்று சொன்னவர் அவர். கேம் வடிவமைப்பாளர் வில் ரைட் தன்னுடைய 'தி சிம்ஸ்' கேமை இவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

1998-ல் அவர் ஒரு வேலையை மேசையில் விட்டுவிட்டுப் போனார். இணையத்தில், வெவ்வேறு ஊரிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஆடும் மியூல்.